சன்னலோரத்து ஊசியும் தோட்டத்து மண்வெட்டியும்

ரோசா மலர்களையும் பாடுபட்ட சுரூபத்தையும் மார்போடு அணைத்தபடி நிற்கும் குழந்தை இயேசுவின் தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்கர் நம்மிடையே இல்லை. ஊருக்கு ஊர் அவர் பெயரால் சிற்றாலயங்களும் பள்ளிகளும் உண்டு. 'சிறுமலர்' என்றாலே எவரைக் குறிக்கிறோம் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆயினும் அம்மலர் எந்த வீட்டுத் தோட்டத்தில் பூத்தது, அவ்வீட்டில் அடுப்பெரியச் செய்த தொழில் யாது, அத்தொழிலுக்கு அக்குடும்பம் கொடுத்த விலை எவ்வளவு என்பவற்றை நாம் அத்துணை ஆர்வத்துடன் கேட்டதில்லை. அவருடைய பெற்றோராகிய லூயி மார்ட்டினையும் செலி மார்ட்டினையும் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு ஒருசேரப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அதன் பிறகும், 'பக்தியுள்ள தம்பதியர்' என்ற இரண்டு சொற்களுக்குள் அவர்களை அடக்கி விடுவதே நம் வழக்கமாக இருக்கிறது.

அக்குடும்பத்தின் வரலாற்றைப் படிப்போருக்கு ஒன்று கண்ணிற்படும். அவ்வீட்டின் பெரும் திருப்பங்கள் பலவும் இலையுதிர் காலத்திலேயே நிகழ்ந்துள்ளன. நமக்கு அக்காலம் பழக்கமற்றது. நம் நாட்டு மரங்கள் பலவும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசி நமக்கு அடைமழைக் காலம். வட பிரான்சிலோ செப்டம்பர் இறுதி தொடங்கி நவம்பர் முடியுமட்டும் பகல் நாளுக்கு நாள் தேய்கிறது. சூன் மாதத்தில் பதினாறு மணி நேரம் நிற்கும் வெளிச்சம், நவம்பர் நடுவில் ஒன்பது மணி நேரத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடும். கதவுகள் அடைபடும், கணப்பு மூட்டப்படும், குடும்பம் ஓர் அறைக்குள் ஒடுங்கும். வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கும் கைத்தொழிலாளிக்கோ அது கவலைக்குரிய பருவம். செலி மார்ட்டினின் கைத்தொழில் அப்படிப்பட்டது.

நார்மாண்டிப் பகுதியின் தென்முனையில், சார்த் ஆற்றின் கரையில் உள்ள சிறு நகரம் அலென்சோன். பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சர் கோல்பேர், வெனிசு நகர லேசுக்குப் பிரெஞ்சுச் செல்வம் ஓடுவதைத் தடுக்க எண்ணி, 1665-இல் அரச ஆதரவுடன் உள்நாட்டு லேசுத் தொழிற்கூடங்களை நிறுவியபோது, அலென்சோன் அவற்றுள் ஒன்றாயிற்று. அங்கு உருவான பின்னல், ஊசி ஒன்றையே கருவியாகக் கொண்டது. தறியும் இல்லை, குச்சிகளும் இல்லை.

அதன் செய்முறையைச் சிறிது விரித்துச் சொன்னாலன்றி, அந்த வீட்டின் வாழ்க்கை நமக்கு விளங்காது. முதலில் கோலத்தை வரைவார்கள். அதைத் தோற்காகிதத்தின் மீது வைத்துக் கோடுகள் செல்லும் வழியெல்லாம் நுண்ணிய துளைகள் இடுவார்கள். தோலுக்கு அடியில் இரட்டைத் துணி தைத்து, துளைகளின் வழியே நூலோட்டி உருவத்தின் எல்லைக் கோட்டை அமைப்பார்கள். அந்நூலைப் பற்றுக்கோடாகக் கொண்டு வலைபோன்ற தளம் பின்னப்படும். பூவிதழ்கள் நெருக்கமான தையலால் நிரப்பப்படும். இடைவெளிகளில் அலங்காரப் பின்னல்கள் இடப்படும். பின்னர், ஓரங்களில் குதிரை மயிரை வைத்து அதன் மேல் மிக நெருக்கமாகத் தைத்துப் புடைப்பு உண்டாக்குவார்கள். அலென்சோன் லேசு விறைப்பாக நிற்பதற்கு அந்தக் குதிரை மயிரே காரணம். எல்லாம் முடிந்தபின் இரட்டைத் துணிகளுக்கு நடுவே கத்தியைச் செலுத்தி, பிடிநூல்களை அறுத்து, லேசைத் தோலிலிருந்து பிரிப்பார்கள். எஞ்சிய நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். இறுதியில், நம் கடற்கரை மக்கள் சிங்கி இறால் என்று சொல்லும் உயிரினத்தின் கொடுக்கினால் தேய்த்து மெருகேற்றுவார்கள்! இத்தனைக்கும் பிறகு கிடைப்பது உள்ளங்கையளவுத் துண்டு. ஓர் அஞ்சல் தலையளவுப் பின்னலுக்கு ஏழு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும் என்பர். 2010-இல் யுனெசுக்கோ நிறுவனம் இக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

ஒரு பெண் எல்லாப் படிகளையும் செய்வதில்லை. துளையிடுபவள் ஒருத்தி, வலை பின்னுபவள் ஒருத்தி, புடைப்புத் தைப்பவள் ஒருத்தி எனத் தொழில் பிரிக்கப்பட்டிருந்தது. அவரவர் தம் வீட்டிலிருந்தே வேலை செய்தனர். அவர்களுக்கு வேலை கொடுத்து, முடிந்த துண்டுகளை வாங்கி, அவற்றைக் கண்ணுக்குப் புலப்படாத தையலால் ஒன்றிணைத்து முழு லேசாக்கி விற்பது தலைவியின் பொறுப்பு. எல்லாவற்றினும் கடினமான அந்த இணைப்பு வேலையைத்தான் செலி தம் கையில் வைத்துக் கொண்டார்.

செலி குவெரின் பிறந்தது 1831 டிசம்பர் 23-இல். தந்தை காவற்படையில் பணியாற்றியவர். குடும்பம் 1844-இல் அலென்சோனுக்குக் குடிபெயர்ந்தது. தாயாரின் கண்டிப்பில் தம் குழந்தைப் பருவம் மகிழ்ச்சியின்றிக் கழிந்ததாகப் பின்னாளில் தம்பிக்கு எழுதிய மடலொன்றில் செலி கூறியுள்ளார். வின்சென்ட் தே பவுல் பிறரன்புச் சகோதரிகளின் மடத்தில் சேர விரும்பி அணுகியபோது, தலைமைச் சகோதரி அவரை ஏற்கவில்லை. 1851-ஆம் ஆண்டு, டிசம்பர் 8, அமல அன்னையின் திருநாளன்று, அலென்சோன் லேசுத் தொழிலை மேற்கொள்ளுமாறு உள்ளத்தில் ஓர் ஏவல் எழுந்ததாக அவர் உணர்ந்தார். 1853-இன் இறுதியில், இருபத்திரண்டு வயது நிறைவதற்குள், அக்காளின் துணையோடு சொந்தத் தொழில் தொடங்கினார். மணமாகாத இளம்பெண் ஒருத்தி, வங்கிக்கணக்கு வரதட்சணைக் கணக்கு ஏதுமின்றி, பாரீசு வணிகர்களோடு நேர்நின்று பேரம் பேசினார் என்பது அந்த நூற்றாண்டில் சிறு செய்தியன்று.

லூயி மார்ட்டின் ஒரு போர்வீரரின் மகன். 1823-இல் போர்தோ நகரிற் பிறந்தவர். கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றார். ஆல்ப்சு மலையில் உள்ள புனித பெர்னார்டு மடத்தில் சேர விரும்பி, 1845-இல் சென்று கேட்டார். இலத்தீன் கற்று வரும்படி அனுப்பப்பட்டார். அம்முயற்சி நிறைவேறவில்லை. 1850 நவம்பரில் அலென்சோனில் கடிகாரக் கடை வைத்தார். ஆக, மடத்துக் கதவு திறவாத இருவர், 1858 ஏப்ரலில் சார்த் ஆற்றுப் பாலத்தின்மேல் எதிரெதிரே கண்டனர். அதே ஆண்டு சூலை 13-ஆம் நாள், நள்ளிரவில், அன்னை மரியாள் ஆலயத்தில் திருமணம் செய்து கொண்டனர்.

லூயிக்குக் கடிகாரத்தை விடவும் தோட்டத்தின் மேல் பற்று அதிகம். திருமணத்துக்கு முந்திய ஆண்டே, நகரின் ஓரத்தில் அறுகோண வடிவக் கோபுரம் ஒன்றையும் அதைச் சூழ்ந்த தோட்டத்தையும் விலைக்கு வாங்கியிருந்தார். அங்கே பூச்செடிகள் வைத்தார், மீன்பிடி தூண்டில்களைப் பாதுகாத்தார், தனித்திருந்து படித்தார். பிடித்த மீன்களை நகரத்துக் கிளாரா சபைக் கன்னியர்க்கு அனுப்புவது அவர் வழக்கம். பக்தியுள்ள பெண்மணி ஒருவர் அளித்த அன்னை மரியாளின் சுரூபத்தை அத்தோட்டத்தில் நிறுத்தினார். 1883-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் நோயுற்றுக் கிடந்த சிறுமி தெரேசாவை நோக்கிப் புன்னகைத்ததாக நாம் போற்றும் அன்னையின் சுரூபம் அதுவே. தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே நின்று, வெயிலும் பனியும் பட்டுப் பழகியது அது.

இனி அந்த வீட்டினுள் செல்வோம். செலி எழுதிய மடல்களுள் இருநூற்றுப் பதினெட்டு இன்று நம் கையில் உள்ளன; 1863 முதல் 1877 வரை எழுதப்பட்டவை. புனிதர்களின் எழுத்து என்று எண்ணித் திறப்பவர் ஏமாந்து போவார். பிள்ளைகளின் காய்ச்சல், வேலைக்காரி, விலைவாசி, தைக்க வேண்டிய உடை, வராத பணம், வந்து குவிந்த ஆணைகள் என்று எந்த இல்லத்தரசியும் எழுதக்கூடியவையே அவற்றில் நிறைந்துள்ளன. பலவற்றை இரவில், வீடு உறங்கிய பின் எழுதினார். வியாழன்தோறும் வேலைக்காரப் பெண்கள் தம் துண்டுகளைக் கொண்டு வருவர். அன்று வீட்டில் அமைதி இராது. சன்னலருகே அமர்ந்து லேசை இணைக்கும் வேளைதான் தமக்கு மனநிறைவு தருவது என்று ஓரிடத்தில் சொல்லும் செலி, வேறிடங்களில் அதே லேசு தம்மை அடிமையாக்கி விட்டதென்று அலுத்துக் கொள்கிறார். இரண்டும் உண்மை. கைத்தொழிலை விரும்பிச் செய்து, அதைக் கொண்டே வயிறும் வளர்க்க நேர்ந்தவர் எவரும் இம்முரணை அறிவர்.

1863-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் லூயி பாரீசிலிருந்து மனைவிக்கு எழுதிய மடல் ஒன்று எஞ்சியுள்ளது. லேசு விற்கச் சென்ற இடத்தில் எழுதியது. வெற்றி அன்னை ஆலயத்திற்குச் சென்று செபித்ததைச் சொல்கிறார். இவ்வளவு வருத்திக் கொண்டு வேலை செய்ய வேண்டாம், இறைவன் துணையால் நம் வீடு நல்லபடியாக நடக்கும் என்று தேற்றுகிறார். பிள்ளைகளை அணைத்து முத்தமிடச் சொல்கிறார். வாழ்நாள் முழுதும் அன்பு செலுத்தும் கணவனும் உண்மை நண்பனும் என்று தம்மைக் குறித்துக் கையொப்பமிடுகிறார். அப்போது வீட்டில் மூன்று பெண் மக்கள். மூத்தவளுக்கு வயது மூன்று. கணவன் மனைவியின் சரக்கைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குவதை இழிவாகக் கருதாத அந்த மனிதரை, அவர் எழுதிய அந்த ஒரு தாள் நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. பின்னர், 1870-இல், தம் கடிகாரக் கடையைச் சகோதரியின் மகனுக்கு விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்கே துணையானார், கணக்கு எழுதினார், தோலில் துளையிடும் வேலையும் செய்தார். நம் ஊர்களில் இன்றும் எத்தனை ஆண்மக்கள் இதற்கு முன்வருவர் என்று கேட்டு யாரையும் நான் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

அதே 1870-இன் இலையுதிர் காலம் கொடியது. பிரசியப் படைகள் செப்டம்பரில் பாரீசை முற்றுகையிட்டன. லேசை வாங்கும் நகரம் அடைபட்டால் விற்பதற்கு வழி ஏது? ஆனால் அவ்வாண்டு அந்த வீட்டைத் தாக்கியது போர் மட்டுமன்று. பிப்ரவரியில், ஐந்து வயதுச் சிறுமி ஹெலன் திடீரென்று இறந்து போயிருந்தாள். அதற்கு முன்பே, ஜோசப் என்று பெயரிட்ட இரு ஆண்குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னே மறைந்திருந்தனர். ஆகஸ்டில் மெலனி தெரேசா பிறந்தாள். பால் கொடுக்கத் தாயின் உடல்நிலை இடந்தரவில்லை. செவிலித்தாய் ஒருத்தியிடம் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. அவள் பசியாற்றாமல் குழந்தையை வாடவிட்டாள். உண்மை தெரிந்து தாய் ஓடிச் சென்று மீட்டு வந்தபோது காலங்கடந்து விட்டது. அக்டோபர் 8-ஆம் நாள், ஏழே வாரக் குழந்தை தாயின் மடியில் உயிர் நீத்தது. கணவர் பாரீசிலிருந்து ஆறுதல் மடல் எழுதிய அதே நாள். இடையே ஏழு ஆண்டுகள்.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். பக்திநூல்கள் பலவும் இவ்விடத்தை இறைச்சித்தம் என்ற சொல்லால் விரைந்து கடந்து விடுகின்றன. இறைச்சித்தத்துக்குத் தலைவணங்கியவர்தாம் செலி, அதில் ஐயமில்லை. எனினும் அவருடைய மடல்கள் அவ்வளவு எளிதில் கடந்து விடுவதில்லை. ஏன் இன்னும் முன்னதாகச் சென்று பார்க்கவில்லை என்ற வாதை ஒரு தாயை எளிதில் விடுமா? வெளியே செவிலியிடம் குழந்தைகள். உள்ளே சன்னலோரத்தில் முடிக்கப்பட வேண்டிய லேசு. அந்த லேசின் வருவாயால்தான் செவிலிக்குக் கூலி, மூத்த மக்களுக்குக் கல்வி, ஏழைகளுக்கு உணவு எல்லாம். தொழிலைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பலமுறை எண்ணினார். வேலைக்காரப் பெண்களின் பிழைப்பு என்னாகும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அப்பெண்களுள் எவராவது நோயுற்றால் ஞாயிறு மாலையில் போய்ப் பார்ப்பவர் அவர். இல்லத்திலிருந்தே செய்யும் தொழில் குடும்பத்தைக் கட்டிக் காக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லி விடுகிறோம். அது காக்கும், அக்குடும்பத்தின் அறைகளுக்குள் புகுந்து நேரத்தைத் தின்னவும் செய்யும். நெல்லைச் சீமையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியபடியே பிள்ளையைத் தொட்டிலாட்டும் தாய்மாரைக் கண்டவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

லேசு என்றவுடன் குமரி மாவட்டத்து வாசகர்க்கு வேறொரு நினைவு எழக்கூடும். அங்கே அதற்கு 'ரேந்தை' என்று பெயர். போர்த்துக்கீசிய மொழி நமக்குத் தந்த சொல். நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சீர்திருத்த சபை மிஷனரியின் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலேயே பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். கத்தோலிக்கர்க்கு அப்பெயரோடு சேர்ந்து வருவது முளகுமூடு. பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மெய்ஸ்தர், துணைக்கு ஓர் இளம் சகோதரியுடன் அங்கு வந்து சேர்ந்தது 1897-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள். அவர்கள் தொடங்கிய கன்னியர் இல்லத்தில் அனாதைச் சிறுமியரும் ஏழைப் பெண்களும் லேசுத் தொழில் கற்றனர். குமரிப் பெண்களின் பின்னல் அலென்சோன் முறையைச் சார்ந்ததன்று. திண்டு போன்ற தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. முறை வேறு, கண் எரிச்சலும் முதுகு வலியும் ஒன்றே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அச்சகோதரிகள் முளகுமூட்டில் கால் வைப்பதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், செப்டம்பர் 30-ஆம் நாள், லிசியே கார்மேல் மடத்தில் தெரேசா இறந்தார். லேசுக்காரியின் கடைசி மகளுக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

மீண்டும் அலென்சோனுக்கு வருவோம். அவ்வீட்டில் இலையுதிர் காலம் பிரிவின் காலமுமாகும். மூத்த மக்கள் மரியும் பவுலினும் லெ மான் நகரில், தங்கள் பெரியம்மா துறவியாயிருந்த சந்திப்பு மடத்து விடுதிப் பள்ளியில் படித்தனர். கோடை விடுமுறை முடிந்து அவர்கள் புகைவண்டி ஏறிச் சென்றதும் வீடு வெறிச்சோடும். அதன்பின் பவுலினுக்குத் தாய் எழுதிய மடல்கள்தாம் தெரேசாவின் மழலைப் பருவத்துக்கு நமக்குள்ள சான்று. தந்தை ஊஞ்சல் கட்டிக் கொடுத்ததும், சிறியவள் அச்சமின்றி அதில் ஆடியதும், மாடிப்படியின் ஒவ்வொரு படியிலும் நின்று 'அம்மா' என்று அழைத்து, மறுமொழி வந்தபின்னே அடுத்த படி ஏறியதும் அவற்றில் உள்ளன. அப்போதெல்லாம் தாயின் கையில் ஊசி இருந்திருக்கும்.

மார்பில் ஒரு கட்டி இருப்பதை 1865-லேயே தம்பிக்கு எழுதியிருந்தார். மருந்தாளுநராக இருந்த தம்பி இசிதோர் கவனித்தாரோ இல்லையோ, பதினோர் ஆண்டுகள் அது உறங்கியது. 1876 டிசம்பரில் மருத்துவர் கைவிரித்தார். அறுவைக்கும் காலம் கடந்திருந்தது. 1877 சூனில் மூத்த பெண்கள் மூவருடன் லூர்து நகருக்குப் போனார், குணமின்றித் திரும்பினார். வந்த ஆணைகளை முடித்துக் கொடுக்கும் வேலை அதற்குப் பின்னும் நின்றுவிடவில்லை. ஆகஸ்டு 28-ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், நாற்பத்தைந்தாம் வயதில், கண் மூடினார்.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஐம்பத்து நான்கு வயது கைம்பெண்ணன். ஐந்து பெண் மக்கள். மூத்தவள் மரிக்குப் பதினேழு. பவுலினுக்குச் செப்டம்பரில் பதினாறு நிறைந்தது. கடைக்குட்டிக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. அடக்கம் முடிந்த நாளில் செலின் மரியைத் தன் புதிய தாயாகத் தேர்ந்துகொள்ள, தெரேசா பவுலினின் தோளில் சாய்ந்து, தன் தாய் பவுலினே என்றாள். லிசியேயில் வாழ்ந்த தாய்மாமன் இசிதோர், குடும்பத்தைத் தம் ஊருக்கே வந்துவிடுமாறு அழைத்தார். அங்கே அத்தையின் கண்காணிப்பு பெண்களுக்குக் கிடைக்கும். லூயிக்கு அலென்சோனில் எழுபத்தேழு வயதுத் தாய் இருந்தார், நண்பர்கள் இருந்தனர், தோட்டம் இருந்தது, மனைவியின் கல்லறை இருந்தது. பெண்களின் கருத்தைக் கேட்டார். முடிவெடுத்தார். தமக்காக அன்று, மக்களுக்காக.

நவம்பர் நடுவில் பெண்கள் ஐவரும் மாமனுடன் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வடக்கே உள்ள லிசியே சென்றனர். லூயி மட்டும் பின்தங்கினார். லேசுத் தொழிலின் கணக்குகளை முடிக்க வேண்டியிருந்தது; கொடுக்க வேண்டியவை, வாங்க வேண்டியவை இருந்தன. இருபத்து நான்கு ஆண்டுகள் ஓடிய அத்தொழில் அத்துடன் அவ்வீட்டில் முடிந்தது. மகள்மாருள் ஒருவரும் அதைத் தொடரவில்லை. ஐவரும் இறுதியில் துறவறம் பூண்டனர். தாயின் கையில் இருந்த நுட்பம் மகளுக்குப் போய்ச் சேராமலே நின்று போனதை வரலாறு படிப்பவன் என்ற முறையில் ஓர் இழப்பாகவே நான் எண்ணுகிறேன். பொறுமை போய்ச் சேர்ந்தது என்று சிலர் அழகாக எழுதுவர்; பொறுமை வேறு, இணைப்புத் தையல் வேறு.

மாத இறுதியில் லூயி லிசியே வந்து சேர்ந்தார். நகருக்குச் சற்று விலகி, மேட்டுப் பாங்கில் அமைந்த செங்கல் வீடு. முன்னால் புல்தரை, பின்னால் காய்கறித் தோட்டமும் கோழிக் கூடும். பெண்கள் அதற்கு 'லே புயிசொன்னே' என்று பெயர் வைத்தனர். புதர்ச்செடி என்னும் பொருளை அடியாகக் கொண்டது அப்பெயர். ஊசி ஓய்ந்த அவ்வீட்டில் மண்வெட்டி முன்னுக்கு வந்தது. லூயி தோட்ட வேலையைத் தாமே பார்த்தார். மரி வீட்டை நடத்தினாள். பவுலின் சிறியவளுக்கு எழுத்தும் மறைக்கல்வியும் கற்பித்தாள். பனிக்கால மாலைகளில் சொக்கட்டான் போன்றதொரு கட்ட விளையாட்டு நடக்கும். பின்பு மூத்த பெண்களில் ஒருத்தி, துறவி கெராஞ்சே எழுதிய திருவழிபாட்டு ஆண்டு பற்றிய நூலிலிருந்து சில பக்கங்கள் வாசிப்பாள். சிறியவர் இருவரும் தந்தையின் மடியில். அவர் நல்ல குரல் படைத்தவர். பழைய பாடல்களைப் பாடி அவர்களைத் தாலாட்டுவார். அதன்பின் எல்லாரும் மாடிக்குச் சென்று இரவுச் செபம் சொல்வர். தந்தை செபிப்பதை அருகிருந்து பார்த்தே புனிதர் எப்படிச் செபிப்பர் என்று தான் அறிந்ததாகத் தெரேசா பின்னர் எழுதினார்.

அங்கும் இலையுதிர் காலம் வந்து வந்து ஒவ்வொருவராய் அழைத்துச் சென்றது. 1882 அக்டோபர் 2-இல் பவுலின் கார்மேல் மடம் புகுந்தாள். 1886 அக்டோபர் 15-இல் மரி. தெரேசாவும் செல்ல அனுமதி கேட்டது மட்டும் இளவேனில் மாலையொன்றில், 1887 மே 29, தூய ஆவியார் பெருவிழாவன்று, அதே தோட்டத்தில். கேட்ட தந்தை கண்ணீர் விட்டார். பின்பு தாழ்ந்த மதிற்சுவரை அணுகி, அதில் முளைத்திருந்த சிறு வெண்மலர்ச் செடியொன்றைப் பறித்து மகளிடம் நீட்டினார். பறித்தபோது அது வேரோடு வந்துவிட்டது. மகள் அதைத் தன் கிறிஸ்துநாதர் அனுசாரம் நூலுக்குள் வைத்துக் காத்தாள். நாம் சிறுமலர் என்று அழைப்பதற்கு மூலம் அந்தச் செடியே.

ஆனால் எனக்கு அதனினும் அருமையாய்த் தோன்றுவது, அத்தோட்டத்தில் நடந்த வேறொரு சிறு நிகழ்ச்சி. தாயை இழந்த குழந்தை, பொம்மைகளோடு விளையாடத் தெரியாதவள். தரையில் கிடக்கும் விதைகளையும் மரப்பட்டைத் துணுக்குகளையும் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் 'கசாயம்' செய்வாள். அது நல்ல நிறம் கொண்டதும், அழகிய சிறு கோப்பையில் ஊற்றித் தந்தையிடம் எடுத்துப் போவாள். மண்வேலையில் இருக்கும் தந்தை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, புன்னகையோடு வாங்கிக் குடிப்பது போலப் பாவனை செய்வார். கோப்பையைத் திருப்பித் தருமுன், இரகசியம் கேட்பது போல் மெதுவாக, இதைக் கொட்டிவிடலாமா என்று கேட்பார். சில வேளைகளில் அவள் சரி என்பாள். பெரும்பாலும் வேண்டாமென்று சொல்லி, அந்தக் கசாயத்தைச் சிந்தாமல் எடுத்துச் சென்று மறுபடியும் பயன்படுத்துவதற்காக வைத்துக் கொள்வாள்.